வெப்பத் தீவுகளில் ஹீட்டர் பிளக் வேண்டுமா?

அந்தமான் தீவுகளில் பனி உறைவதில்லை. கடல் சூழ்ந்த அத்தீவுகளில் உஷ்ணநிலை ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 23 முதல் 31 டிகிரி சென்டிகிரேட் வரையிலேயே நிற்கிறது. இத்தகைய இடத்தில் ஓடும் பழைய டீசல் லாரியில், எஞ்சினைக் கிளப்புமுன் அதனுள்ளே சூடேற்றும் கருவியொன்று எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பேயாகும். "அது குளிர் தேசத்தாரின் ஏற்பாடு; நமக்கு வேண்டாததொன்று" என்று எண்ணி, பழுதான ஹீட்டர் பிளக்கைப் பழுதாகவே விட்டுவிடும் வழக்கம் வெப்ப நாடுகள் பலவற்றில் உண்டு. இவ்வெண்ணம் பாதி உண்மையானது; பாதி உண்மையானதால்தான் முழுப் பொய்யைவிட மிகுந்த தீங்கு விளைவிக்கிறது. ஹீட்டர் பிளக் குளிருக்காக மட்டும் அமைந்ததன்று. அது எஞ்சினின் எரியறைக்காக அமைந்தது. இவ்வொரு செய்தியைக் கள ஊழியரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்து பிறர்க்கு எடுத்துரைப்பது இன்றியமையாதது.

இத்தீவுகளில் ஒரு லாரி உரிய நேரத்தில் கிளம்பாமற்போவது சிறு தொல்லையன்று. 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலிருந்து வடக்கே டிக்லிபூர் வரை செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை, ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு அப்பால் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியினூடே செல்கிறது. வண்டிகள் அங்குக் குறித்த நேரங்களில், காவலர் துணையுடன், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் செல்லவேண்டும். இடையில் நிற்றலாகாது என்பது விதி. காப்புப் பகுதி முடியும் மிடில் ஸ்ட்ரெய்ட் நீர்வழியை வண்டிகள் நெடுங்காலமாகப் படகில் ஏற்றப்பட்டே கடந்து வந்துள்ளன. படகில் எஞ்சின் நிறுத்தப்படும். கரை சேர்ந்ததும் மீண்டும் கிளம்ப வேண்டும். அங்கே ஒரு லாரி கிளம்ப மறுத்தால் பின்னால் உள்ளவையனைத்தும் காத்து நிற்கும். சாவடியில் கிளம்பத் தவறிய லாரி அடுத்த வரிசைக்காகக் காத்துக் கிடக்கும். அதிலுள்ள மீனும் காய்கறியும் வெப்பத்தில் கெடும். மத்திய அந்தமானிலிருந்து மருத்துவமனைக்கு வரும் நோயாளியின் வண்டியாயின் இழப்பு இன்னும் பெரிது.

ஹீட்டர் பிளக்கின் பயனை அறிய, டீசல் எஞ்சின் எவ்வாறு தீப்பற்றுகிறது என்பதை முதலில் நினைவுகூர்தல் நலம். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைக் கொளுத்துகிறது. ருடால்ப் டீசல் 1893-ல் காப்புரிமை பெற்று, 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுடன் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் மின்பொறி இல்லை. பிஸ்டன் காற்றை மிகச் சிறு இடத்தில் நெருக்குகிறது; நெருக்கப்பட்ட காற்று சூடேறுகிறது; அச்சூட்டினுள் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. சைக்கிள் பம்பின் அடிப்புறம் காற்றடிக்கும்போது சுடுவதை அறிந்த சிறுவனுக்கும் இத்தத்துவம் விளங்கும். ஆகவே டீசல் எஞ்சினுக்குத் தீப்பெட்டி காற்றின் சூடே. அச்சூடு போதாதாயின், எத்தனை முறை செல்ப் அடித்தாலும் எஞ்சின் சுழலுமேயன்றிக் கிளம்பாது.

இனி எரியறையின் அமைப்பைக் காண்க. லாரி எஞ்சின்களில் இரு வகை எரியறைகள் வழங்கின. ஒரு வகையில் எண்ணெய் நேரே பிஸ்டனின் தலைக்குழியில் தெளிக்கப்படுகிறது. இது நேரடித் தெளிப்பு எனப்படும். மற்றொரு வகையில் சிலிண்டர் தலையில் சிற்றறை ஒன்று அமைந்து, குறுகிய துவாரங்களின் வழியே சிலிண்டருடன் இணைகிறது. எண்ணெய் அச்சிற்றறையில் தெளிக்கப்பட்டு அங்கேயே முதலில் பற்றி, பின்னர் துவாரங்களின் வழியே சீறிப் பாய்ந்து சிலிண்டரில் எரிந்து முடிகிறது. இதனை முன்னறை எஞ்சின் எனலாம். பென்ஸ் கம்பெனியைச் சேர்ந்த பிராஸ்பர் லோராஞ்ச் 1909-ல் இவ்வகை அறைக்குக் காப்புரிமை பெற்றார். 1923-ல் பென்ஸ் கம்பெனி உருவாக்கிய டீசல் லாரியின் எஞ்சின் முன்னறை வகையினது. அதே காலத்தில் எம்.ஏ.என். கம்பெனி நேரடித் தெளிப்பு வழியில் தன் லாரியை அமைத்தது.

இவ்விரு மரபுகளும் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தன. ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனம் டெய்ம்லர்-பென்ஸ் கம்பெனியின் ஒத்துழைப்புடன் 1954-ல் லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கியது, அந்நாளைய ஓ.எம். 312 எஞ்சின் ஆறு சிலிண்டர்களையுடைய முன்னறை எஞ்சினாகும். சென்னையை அடுத்த எண்ணூரில் 1948-ல் நிறுவப்பெற்று 1955-ல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்ற நிறுவனமோ, நேரடித் தெளிப்பு எஞ்சின்களைக் கொண்ட லேலண்டு காமெட் லாரிகளை வெளியிட்டது. முன்னதற்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் உண்டு. பின்னதற்கு அது வேண்டியதில்லை. ஒரே சாலையில் ஓடும் இரு லாரிகளுள் ஒன்று ஹீட்டர் பிளக் இன்றியே விடியற்காலையில் உடனே கிளம்புவதைக் கண்டவர், மற்றதற்கும் அது வேண்டாததென்று முடிவு கட்டுவது எளிது. கண்ட காட்சி உண்மை. கட்டிய முடிவே பிழை. நேரடித் தெளிப்பு எஞ்சினின் குணத்தை முன்னறை எஞ்சினின் மீது ஏற்றியதே அப்பிழை.

லாரியின் பெயரைக் கொண்டு வகையை அறிந்துவிடவும் இயலாது. டெய்ம்லர்-பென்ஸ் கம்பெனியே 1964-ல் ஓ.எம். 352 எஞ்சின் வாயிலாக நேரடித் தெளிப்புக்கு மாறியது. நம் நாட்டு லாரிகளும் பின்னர் அவ்வழியே சென்றன. மறுபுறம், பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் டிராவலர், டிராக்ஸ் போன்ற சிறு வண்டிகளில் ஓ.எம். 616 என்னும் முன்னறை எஞ்சின் பல்லாண்டுகள் வழங்கியது. ஆதலின் வண்டியின் முகப்பைக் காணாது எஞ்சினின் தலையைக் காணவேண்டும். நாசில்களுக்கு அருகே சிலிண்டருக்கு ஒன்றாக மின்கம்பி பொருத்திய பிளக்குகள் இருப்பின் அவ்வெஞ்சினுக்கு அவை தேவையென்றே கொள்ளவேண்டும்.

முன்னறை எஞ்சினுக்கு மட்டும் இத்தேவை ஏன்? நெருக்கப்பட்ட காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறுகிய துவாரங்களின் வழியே சிற்றறைக்குள் தள்ளப்படுகிறது. துவாரத்தின் உலோகமும் அறையின் சுவரும் குளிர்ந்துள்ளபோது காற்றின் சூட்டை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. கொள்ளளவு சிறிதாகவும் சுவர்ப்பரப்பு பெரிதாகவும் அமைந்த அறையில் இவ்விழப்பு மிகும். அகன்ற பாத்திரத்திலுள்ள காபியைவிடச் சிறு தம்ளர்களில் பங்கிட்ட காபி விரைவில் ஆறுவது போன்றதே இது. எஞ்சின் சூடாகிவிட்டபின் சுவர்களும் சூடாகிவிடுவதால் இத்தொல்லை நீங்குகிறது, முதற்கிளப்புதலே கடினமானது.

இதனைக் கணக்கிட்டும் காணலாம். காற்றின் உஷ்ணநிலை 27 டிகிரி என்றும், எஞ்சின் காற்றை இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறதென்றும் கொள்க. சூடு சற்றும் வெளியேறாதாயின் காற்று 720 டிகிரியளவு சூடேறும். ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுழன்று, சுவர்கள் சூட்டை உறிஞ்சி, தேய்ந்த ரிங்குகளின் வழியே காற்றும் கசியுமாயின், அது 360 டிகிரியளவிலேயே நின்றுவிடக்கூடும். அதாவது இழப்பு 300 டிகிரிக்கும் மேல். இனி இதே எஞ்சின் மைனஸ் 10 டிகிரிக் குளிருள்ள ஐரோப்பிய நகரில் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், அந்தமானின் வெப்பத்தால் நமக்குக் கிடைக்கும் இலாபம் இறுதி உஷ்ணநிலையில் சுமார் 80 முதல் 120 டிகிரி வரையே ஆகும். வானிலை தரும் வரவு நூறு. தேய்மானமும் மெதுவான சுழற்சியும் வைக்கும் செலவு முந்நூறு. வரவை மட்டும் எண்ணிச் செலவை எண்ணாத கணக்குப்பிள்ளையின் கணக்கே "வெப்ப நாட்டுக்கு ஹீட்டர் பிளக் வேண்டாம்" என்பது.

மேலும், அவ்வெப்பமே மற்றொரு வழியில் பகையாகிறது. வெப்ப நாடுகளில் பாட்டரியின் நீர் விரைவில் வற்றுகிறது; உபயோகிக்காதபோதும் அதன் மின்சாரம் விரைவில் குறைகிறது; ஆயுளும் சுருங்குகிறது. பாட்டரி தளர்ந்தால் செல்ப் மோட்டார் மெதுவாகச் சுழலும். மெதுவாகச் சுழன்றால் காற்றின் சூடு குறையும். துணை செய்வதாக எண்ணிய வெப்பம், கிளப்புதலுக்கு ஆதாரமான பாட்டரியைத் தேய்த்துக்கொண்டேயிருக்கிறது.

இனி ஹீட்டர் பிளக் வேலை செய்யும் முறையை நோக்குவோர்க்கு, அது ஒரு மின்னடுப்பே என்பது விளங்கும். பழைய லாரிகளில் இருந்தது தடித்த கம்பிச்சுருள் அறைக்குள் வெளிப்படையாக நீட்டிக்கொண்டிருக்கும் வகை. இப்பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் கோக்கப்பட்டிருக்கும். ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் அதே மின்னோட்டத்திலேயே ஒரு சிறு சுருள் காட்டியாக அமைந்திருக்கும். சுவிட்சை முதல் நிலைக்கு இழுத்தால் பிளக்குகள் சூடேறும். காட்டியும் மெல்லச் சிவக்கும். சிவந்தபின் இரண்டாம் நிலைக்கு இழுத்தால் செல்ப் மோட்டார் சுழலும். தெளிக்கப்படும் எண்ணெயின் ஒரு பகுதி சிவந்த சுருளருகே ஆவியாகிப் பற்றி, அறை முழுவதற்கும் தீயைப் பரப்பும். பின்னர் வந்தது, சுருளை உலோகக் குழாயினுள் வைத்து மக்னீசிய ஆக்சைடுப் பொடியை இறுகத் திணித்த பென்சில் வகை. இவை பக்க இணைப்பில், ஒவ்வொன்றும் நேரே பாட்டரியின் முழு வோல்ட்டைப் பெறுமாறு இணைக்கப்பட்டன.

தொடர் இணைப்பில் ஒரு பிளக் அறுந்தால் அனைத்தும் அணையும்; காட்டியும் சிவவாது. அப்போது சிலர் செய்யும் அவசரச் சிகிச்சை, அறுந்த பிளக்கைத் தாண்டிச் செப்புக் கம்பியொன்றை நிலையாகக் கட்டிவிடுவது. அன்றைக்கு வண்டி கிளம்பும். அழிவும் அன்றைக்கே தொடங்கும். 12 வோல்ட்டில் ஆறு பிளக்குகள், ஒவ்வொன்றுக்கும் 1.7 வோல்ட், எஞ்சிய 1.8 வோல்ட் காட்டிக்கும் கம்பிகளுக்கும் என்று கொள்க. ஒன்றைத் தாண்டிவிட்டால் மின்னோட்டம் 12-க்கு 10.3 என்ற வீதத்தில் மிகும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால் எஞ்சிய ஐந்து பிளக்குகளிலும் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். இரண்டைத் தாண்டிவிட்டால் ஏறக்குறைய இருமடங்காகும். ஒன்றைக் காப்பாற்றாமல் விட்டதனால் மற்றவையும் ஒவ்வொன்றாக எரிந்துபோகும். அப்பொழுது "ஹீட்டர் பிளக் நிலைப்பதில்லை" என்ற பழி பிளக்கின் மீது விழுகிறது.

கடற்காற்றின் உப்பு செய்யும் தீங்கு இதற்கு நேர்மாறானது. சுமார் 40 ஆம்பியர் ஓடும் இச்சுற்றின் மொத்த மின்தடை 0.3 ஓம் அளவே. இணைப்பு முனைகளில் படியும் பச்சைக் களிம்பு 0.05 ஓம் தடையை மட்டும் சேர்த்தாலும், பிளக்குகளின் வெப்பம் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். பிளக் நலமாயிருக்கும், பாட்டரியும் நலமாயிருக்கும், வண்டி மட்டும் கிளம்பாது. ஆண்டில் பல மாதங்கள் மழை பெய்து, காற்றில் ஈரமும் உப்பும் நீங்காத இத்தீவுகளில், உப்புத்தாளால் முனைகளைத் துலக்கி இறுக்குவதும், மேலே சிறிது கிரீஸ் தடவுவதும் புதுப் பிளக் வாங்குவதற்கு நிகரான பயன் தரும். அடுத்த சரக்குக் கப்பலுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

பக்க இணைப்பில் அபாயம் வேறு வகையினது. ஆறில் ஒன்று அறுந்தாலும் ஐந்து வேலை செய்யும். எஞ்சின் வெண்புகை கக்கி, சற்று நேரம் நொண்டி, பின் ஒழுங்காகிவிடும். ஓட்டுநர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டு, மூன்று அறுந்தபின்தான் ஒரு நாள் முற்றிலும் நின்றுவிடும். தொடர் இணைப்பு தன் குறையை உடனே சொல்லிவிடுகிறது. பக்க இணைப்பு மறைத்து வைக்கிறது. மறைப்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது பராமரிப்போர் கடமை.

அக்கடமைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். பென்சில் வகைப் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிட்டு, பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 12 வோல்ட் பல்பு ஒன்றின் வழியாகப் பிளக்கின் தலையைத் தொட்டால், பல்பு எரிந்தால் சுருள் அறவில்லை, எரியாவிடில் அறுந்தது. தொடர் இணைப்பாயின், சுவிட்சை முதல் நிலையில் வைத்து, ஒவ்வொரு பிளக்கின் இரு முனைகளையும் பிடி காப்பிடப்பட்ட ஸ்குரூ டிரைவரால் கணநேரம் இணைத்துப் பார்க்கலாம். எதனை இணைத்தபோது காட்டியில் மின்சாரம் ஓடுகிறதோ அதுவே அறுந்த பிளக். காட்டி வழக்கத்தைவிட விரைவாகப் பளிச்சென்று சிவந்தால், எங்கோ ஒரு பிளக் கரியால் குறுக்கிணைந்துவிட்டதெனக் கொள்ளலாம். எஞ்சின் சுழலும்போது புகைக்குழாயை நோக்குவதும் நல்ல சோதனை. வெண்புகை வந்தால் எண்ணெய் வருகிறது, சூடு போதவில்லை. புகையே வராவிடில் எண்ணெயே வரவில்லை, ஆகவே பிளக்கைக் குறை கூறுவது வீண்.

சூடு போதாதபோது காற்றுவாயிலில் எரியும் துணியைக் காட்டுவதும், ஈதர் தெளிப்பதும் கண்டிக்கத்தக்க வழக்கங்களாகும். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் எஞ்சினில் ஈதர் புகுந்தால், பிஸ்டன் மேலேறி முடியுமுன்னரே அது வெடித்து, ரிங்குகளையும் பிஸ்டனையும் உடைக்க வல்லது. தீ காற்றுவாயில் வழியே வெளிப்பாய்ந்து ஆளைச் சுடவும் கூடும். ஒரு பிளக்கின் விலையை மிச்சப்படுத்தி எஞ்சினைப் பணயம் வைப்பதைச் சிக்கனம் என்று கூறவியலாது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். முன்னறை லாரிகள் பழமையாகிவிட்டன. மறையப்போகும் பொறிக்காக இத்துணை அக்கறை எதற்கு என்பதே அது. இம்மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் புதிய சிறு டீசல் வண்டிகள் பலவற்றில், நேரடித் தெளிப்பு எஞ்சினாக இருந்தும், ஹீட்டர் பிளக் திரும்பவும் இடம் பெற்றுள்ளது. புகையைக் குறைக்கும் நோக்கத்துடன் அவற்றில் காற்றை நெருக்கும் விகிதம் முன்னைவிடக் குறைக்கப்பட்டிருப்பது இதற்கு ஒரு காரணம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின் காலத்திலும் இக்கருவி மறையவில்லை. மின்னணுக் கட்டுப்பாட்டுக்குள் ஒளிந்துகொண்டது, அவ்வளவே. கண்ணுக்குப் புலனாகும் பழைய காட்டியில் பாடம் கற்றவர்க்குப் புதிய பெட்டிக்குள் நடப்பதும் விளங்கும்.

ஆகவே செய்யத்தக்கவை சில. வண்டிகளைப் பராமரிக்கும் ஒவ்வோர் அலுவலகமும் தன் வண்டிகளில் எவை ஹீட்டர் பிளக் உடையவை என்று பட்டியலிடவேண்டும். அவ்வண்டிகளின் ஓட்டுநர் இருக்கையருகே, காட்டி சிவந்தபின்னரே செல்ப் அடிக்கவேண்டும் என்னும் குறிப்பைத் தமிழ், இந்தி, வங்காளி முதலிய, ஓட்டுநர் படிக்கும் மொழியில் ஒட்டவேண்டும். மழைக்காலத்திற்கு முன் ஒரு முறையும், பின் ஒரு முறையும் இணைப்புகளைத் துலக்கிப் பல்புச் சோதனை செய்யவேண்டும். பிரதான நிலத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து உதிரிகள் வரவேண்டிய இடத்தில், ஓரிரு பிளக்குகளையேனும் கையிருப்பில் வைத்திருப்பது விவேகம்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. தொடர் இணைப்பு, பக்க இணைப்பு, மின்சாரத்தின் வெப்ப விளைவு, வாயுவை நெருக்கினால் சூடேறுதல் ஆகிய நான்கு பாடங்களும் ஒரு பழைய லாரியின் எஞ்சினில் ஒருங்கே அமைந்துள்ளன. கழித்துப்போட்ட பிளக் ஒன்றைப் பணிமனையிலிருந்து கேட்டுப் பெற்று வகுப்பில் காட்டினால், மாணவர் புத்தகத்திலுள்ள சூத்திரத்தைத் தம் தந்தையோ தமையனோ ஓட்டும் வண்டியில் காண்பர். வெப்பத் தீவில் வெப்பமூட்டி எதற்கு என்ற கேள்வியையே முதலில் கேட்டு, விடையை மாணவரே கணக்கிட்டுக் காணுமாறு விடுவது சிறந்த முறை.

எவ்விடத்து அனுபவமும் மதிக்கத்தக்கதே. எனினும் ஓர் எஞ்சினில் பெற்ற அனுபவம் மற்றோர் எஞ்சினுக்குச் சட்டமாகாது. வானிலையை நோக்கி முடிவு செய்யாமல் எரியறையை நோக்கி முடிவு செய்யும் பழக்கம் பரவுமாயின், ஜிர்காடாங் சாவடியில் வரிசை புறப்படும் நேரத்தில் செல்ப் அடித்துச் சலித்து நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை குறையும் என்பது உறுதி.